ஓவனுக்குள் நாம் எதைச் சூடாக்குகிறோம்?

2022 அக்டோபரில் பிரிட்டன் வீடுகளில் மின்சாரம் யூனிட்டுக்கு 34 பென்ஸ் ஆனது. ஓராண்டுக்கு முன் அது 21 பென்ஸ் அளவில்தான் இருந்தது. எரிசக்தி ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்ஜெம் அறிவித்த உச்சவரம்பை அப்படியே விட்டிருந்தால், ஒரு சராசரி வீட்டின் ஆண்டுச் செலவு 1,277 பவுண்டிலிருந்து 3,549 பவுண்டுக்குப் போயிருக்கும். அரசு குறுக்கே வந்து 2,500 பவுண்டு அளவில் நிறுத்தியது. அந்தக் குளிர்காலத்தில்தான் ஏர் ஃப்ரையர் விற்பனை எகிறியது. லண்டன் புறநகர்த் தமிழ்க் குடும்பங்களும் வாங்கின. இன்று பல வீடுகளில் சுவரோடு பொருத்திய பெரிய ஓவனும் இருக்கிறது, சமையல் மேடையில் ஏர் ஃப்ரையரும் இருக்கிறது, எதை எப்போது போடுவது என்ற தெளிவு மட்டும் இல்லை. அன்றாடச் சமையலுக்குப் பெரிய மின் ஓவனைப் பெரும்பாலான வீடுகள் விட்டுவிடலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஆனால் எந்தக் கருவி வாங்கினாலும் மிச்சமாகிவிடும் என்று நம்பி இறங்கினால் கையிலிருக்கும் பணமும் போகும். மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்று முடிவு செய்ய முடியும்.

முதலில் ஓவனில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் விற்கும் மின் ஓவனுக்கு 'ஒரு சுற்றுக்கு 0.8 யூனிட்' என்பதுபோல ஓர் எண் போட்டிருப்பார்கள். அது சோதனைக்கூடத்தில் ஒரு செங்கல்லைச் சூடாக்கி எடுத்த அளவு. ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள, நுண்துளைகள் நிறைந்த தனி வகைச் செங்கல் அது. ஒரு லிட்டருக்குச் சற்று மேலே தண்ணீரைக் குடிக்கவைத்து, 5 டிகிரிக்குக் குளிரவைத்து ஓவனில் வைப்பார்கள். அதன் நடுப்பகுதி 55 டிகிரி ஏறுவதற்குள் எவ்வளவு மின்சாரம் போனது என்பதே லேபிளில் வரும் எண். கணக்கு எளிது: அந்தத் தண்ணீரையும் செங்கல்லையும் 55 டிகிரி உயர்த்த உண்மையில் தேவைப்படுவது 0.08 யூனிட் அளவே. ஓவன் இழுப்பதோ 0.8. ஈரம் ஆவியாகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பத்தையும் சேர்த்தால் கணக்கு ஓரளவு மாறும். ஆனாலும் பெரும்பங்கு உணவின் இடத்தில் இருக்கும் அந்தச் செங்கல்லுக்குள் போகவில்லை என்பது மாறாது. இத்தனைக்கும் இது புதிய, நல்ல தரச்சான்று பெற்ற ஓவனின் நிலை.

மீதி எங்கே போகிறது? 'பெரிய பெட்டி, உள்ளே நிறையக் காற்று, அதைச் சூடாக்கத்தான் செலவு' என்று பலரும் நினைக்கிறார்கள். காற்றின் பங்கு மிகமிகச் சிறியது. 65 லிட்டர் ஓவனுக்குள் இருக்கும் காற்றின் எடை 80 கிராம்கூட வராது. அதை 20 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்குக் கொண்டுபோக ஆகும் செலவு ஒரு பென்னியில் பத்தில் ஒரு பங்கு. வெப்பத்தைக் குடிப்பது இரும்பும் கண்ணாடியும்தான். உட்பெட்டி, கதவு, கம்பித் தட்டு, ட்ரே எல்லாம் சேர்ந்து 15 கிலோ சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மட்டும் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சமையல் முடிந்ததும் அந்தச் சூடு அப்படியே ஆறி அறைக்குள் கலந்துவிடும். பிறகு வெளிச்சுவர் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் தொடர்ந்து கசிவது தனிக் கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் சில பழக்கங்கள் தாமாகவே மாறும். தேவையில்லாத ட்ரேக்களை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் ஓவனைப் போட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு. வேகவேண்டியது முக்கால்வாசி வெந்ததும், கடைசி எட்டுப் பத்து நிமிடங்களுக்கு ஓவனை அணைத்துவிடலாம்; இரும்பு குடித்து வைத்திருக்கும் சூடு வேலையை முடித்துவிடும். சட்டென்று ஒருமுறை கதவைத் திறந்து பார்ப்பதால் பில் ஏறிவிடும் என்று பயப்படவும் வேண்டாம். ரப்பர் விளிம்பு தளர்ந்து எந்நேரமும் ஓரத்தில் அனல் வீசும் கதவுதான் கவனிக்க வேண்டியது.

இதிலிருந்தே சின்னக் கருவியின் பலமும் விளங்கும். ஏர் ஃப்ரையர் என்பது உண்மையில் விசிறி வைத்த ஒரு சிறிய ஓவன்; 2010-இல் பிலிப்ஸ் நிறுவனம் அந்தப் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் கூடையும் உட்பாகமும் எடை குறைந்தவை. மூன்று நான்கு நிமிடத்தில் முழுச் சூட்டுக்கு வந்துவிடும். உணவுக்கும் சூடேற்றும் கம்பிச்சுருளுக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இல்லை. ஆனால் கருவிகளை ஒப்பிடும்போது அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பில்லில் வருவது வாட்டும் நேரமும் பெருக்கி வரும் தொகை. 1,500 வாட் ஏர் ஃப்ரையர் 20 நிமிடம் இடைவிடாமல் ஓடினாலும் அரை யூனிட்தான். தெர்மோஸ்டாட் இடையிடையே அணைப்பதால் அதற்கும் கீழேதான் வரும். 200 வாட் ஸ்லோ குக்கரைப் பார்த்து 'ஒரு பல்ப் எரிகிற செலவுதானே' என்று இறைச்சியை எட்டு மணி நேரம் விட்டால், அது ஒன்றரை யூனிட்டைத் தாண்டிவிடும். அதே இறைச்சி பிரஷர் குக்கரில் முக்கால் மணி நேரத்தில் பஞ்சுபோல் வெந்துவிடும், அரை யூனிட் அளவில். அழுத்தத்தில் தண்ணீர் 121 டிகிரி வரை கொதிப்பதே காரணம். ஸ்லோ குக்கர் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதிதான். அந்த வசதிக்காக வாங்கலாம், சிக்கனத்துக்கென்று வாங்க வேண்டாம். கூடவே ஓர் எச்சரிக்கை: பச்சை ராஜ்மாவை நேரடியாக ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. அதிலுள்ள லெக்டின் நஞ்சு, மெதுவான சூட்டில் அழியாது. வயிற்றைப் புரட்டி வாந்தி எடுக்கவைக்கும். ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகுதான் அதற்குள் போட வேண்டும்.

ஆகவே பெரிய ஓவனுக்குப் பதில் ஒரே ஒரு கருவியைத் தேடுவது சரியான வழி அல்ல. ஓவன் செய்யும் வேலையே இரண்டு வகை. ஒன்று ஈரச்சூட்டில் உள்ளே வேகவைப்பது, மற்றது உலர்சூட்டில் மேலே முறுகவைப்பது. ஓவன் இரண்டையும் செய்கிறது. முதல் வேலையைப் பெரும் வீண்செலவோடு செய்கிறது. தமிழ் வீடுகளுக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது. ஈரச்சூட்டுக்கான மிகச் சிறந்த கருவி, குக்கர், ஏற்கனவே அடுப்பில் உட்கார்ந்திருக்கிறது. மைக்ரோவேவும் பெரும்பாலான வீடுகளில் உண்டு. பால் சூடாக்கவும் அப்பளம் சுடவும் மட்டும் அதை ஒதுக்கி வைத்திருக்கிறோம். உள்ளே இருக்கும் பெட்டியைச் சூடாக்காமல், உணவின் நீர்ப்பசையை நேரே சூடாக்கும் கருவி அது. அதனால் ஒரு கிழங்குக்கு ஒரு பங்கு, நான்கு கிழங்குக்கு ஏறக்குறைய நான்கு பங்கு என்று, போடும் உணவுக்கு ஏற்பவே மின்சாரம் எடுக்கும். ஆங்கிலேயர் தோலோடு சுடும் உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒரு யூனிட்டுக்கும் மேலே போகும். ஒரு கிழங்கை முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தி, மைக்ரோவேவில் 6 முதல் 8 நிமிடம் வைத்தால் உள்ளே மாவாக வெந்துவிடும். தோல்மட்டும் தொளதொளவென்று இருக்கும். அதன்மேல் எண்ணெய் தடவி, உப்புத் தூவி, ஏர் ஃப்ரையரில் 10 நிமிடம் போட்டால் தோல் மொறுமொறுவென்று வந்துவிடும். இரண்டும் சேர்ந்து அரை யூனிட்டுக்குக் கீழே. ஆட்டுத்தொடையைக் குக்கரில் வேகவைத்து, மசாலாவைச் சுண்டவைத்துப் பூசி, கடைசியில் ஏர் ஃப்ரையரில் முறுகவைப்பதும் இதே வழிதான்.

இனிப் பணக்கணக்கு. 2025-இல் பிரிட்டனில் மின்சாரம் யூனிட்டுக்கு 25 முதல் 27 பென்ஸ் வரை இருந்தது. 26 என்றே எடுத்துக்கொள்வோம். கோழித்துண்டுகளுக்காக முன்சூடு சேர்த்து ஒரு மணி நேரம் மின் ஓவன் ஓடினால் ஒரு யூனிட் போகும் என்று வையுங்கள். அதே கோழித்துண்டுகளுக்கு ஏர் ஃப்ரையர் அரை யூனிட் எடுக்கும். ஒரு வேளைக்கு மிச்சம் 13 பென்ஸ். வாரம் நான்கு நாள் இப்படிச் சமைத்தால் ஆண்டுக்கு 27 பவுண்டு. நல்ல ஏர் ஃப்ரையர் 60 முதல் 120 பவுண்டு வரை விற்கிறது. போட்ட பணம் திரும்ப இரண்டு முதல் நான்கரை ஆண்டு ஆகும். விளம்பரங்கள் தரும் நம்பிக்கைக்கு முன் இந்தத் தொகை சிறியதாகத் தெரியலாம், ஆனால் உண்மையான தொகை இதுதான். வாரத்துக்கு ஒருமுறைதான் ஓவன் போடும் வீடு என்றால் மிச்சம் ஆண்டுக்கு ஏழு பவுண்டுக்குள் அடங்கிவிடும். அந்த வீட்டுக்குப் புதுக் கருவி தேவையே இல்லை, இருக்கும் மைக்ரோவேவையும் குக்கரையும் நன்றாகப் பயன்படுத்தினால் போதும்.

கேஸ் ஓவன் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு முற்றிலும் வேறு. அதே 2025-இல் கேஸ் யூனிட்டுக்கு 6 முதல் 7 பென்ஸ்தான் இருந்தது. ஒரு வேளைச் சமையலுக்கு ஒன்றரை யூனிட் கேஸ் போனாலும் 10 பென்ஸில் முடிந்துவிடும். ஏர் ஃப்ரையரில் அதற்கு 13 பென்ஸ். ஆக, பணத்துக்காக மட்டும் என்றால் மாறுவதில் பயனில்லை. கரி உமிழ்வைப் பார்த்தால் பலன் உண்டு. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. இப்போது பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரத்தின் கரி உமிழ்வு, ஒரு யூனிட் கேஸை வீட்டில் எரிப்பதற்குக் கிட்டத்தட்ட சமம். அப்படியானால் ஒன்றரைக்குப் பதில் அரை யூனிட்டில் முடியும் வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு உமிழ்வுதான். கேஸ் எரியும்போது வரும் நைட்ரஜன் டை ஆக்ஸைடும் சமையலறையில் சேராது. ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கு மூன்று பென்ஸைவிட அது பெரிய காரணம்.

மாற மறுப்பவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உள்ள வாதம், குளிர்காலத்தைப் பற்றியது. 'ஓவன் விடும் சூடு வீணாகவா போகிறது? வீட்டைத்தானே கதகதப்பாக்குகிறது' என்பார்கள். சரிதான், வெப்பம் எங்கும் மறைந்துவிடாது. ஆனால் பெரும்பாலான பிரிட்டன் வீடுகளைச் சூடாக்குவது கேஸ் பாய்லர். பாய்லர் தரும் ஒரு யூனிட் சூட்டுக்கு சுமார் ஏழு பென்ஸ் ஆகும். ஓவன் தரும் அதே சூட்டுக்கு 26 பென்ஸ். ஏறக்குறைய நான்கு மடங்கு விலை கொடுத்து, வேண்டிய அறையை விட்டுவிட்டு, ஏற்கனவே அடுப்பால் சூடான சமையலறையை மேலும் சூடாக்குகிறோம். மேலே எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் ஓடினால் அந்தச் சூட்டையும் வெளியே தள்ளிவிடுகிறோம். ஓவன் கதவைத் திறந்துவைத்துக் குளிர்காயும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. குழந்தைகள் இருக்கும் இடத்தில் அது ஆபத்து என்பது தனி.

அடுத்த வாதம் கூட்டத்தைப் பற்றியது, இதில் ஓவன் பக்கம் நியாயம் அதிகம். இரும்பைச் சூடாக்கும் செலவு உள்ளே ஒரு கோழி இருந்தாலும் மூன்று இருந்தாலும் ஒன்றுதான். எட்டுப் பேருக்குச் சமைக்கும்போது அந்தச் செலவு எல்லாத் தட்டுக்கும் பிரிந்துவிடும். ஏர் ஃப்ரையரிலோ மூன்று தடவை போட வேண்டும், மூன்றாம் ஈடு வெளியே வருவதற்குள் முதல் ஈடு ஆறிப்போகும், மிச்சம் என்று சொல்லவும் ஒன்றும் இருக்காது. எனவே ஒரே சமயத்தில் இரண்டு ட்ரே நிறையப் போகும் சமையலுக்கு ஓவனைத் தயங்காமல் போடுங்கள். கிறிஸ்துமஸ் வான்கோழிக்கும், பிறந்தநாள் விருந்துக்கும் அதுவே பொருத்தம். வாரக்கடைசியில் ஒரே மூச்சில் நாலைந்து வேளைக்குச் சேர்த்துச் சுட்டு, ஃப்ரீஸரில் வைத்து, பிறகு மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிடும் குடும்பமும் ஓவனை நன்றாகவே பயன்படுத்துகிறது. இந்த நூல் எதிர்ப்பது இரண்டு மீன்துண்டுக்கு 15 கிலோ இரும்பைச் சுடவைப்பதை.

இதே காரணத்தால் ஏர் ஃப்ரையர் வாங்கும்போது லிட்டரைப் பார்க்காமல் கூடையின் அடிப்பரப்பைப் பாருங்கள். உணவு ஒரே அடுக்காகப் பரவினால்தான் காற்று சுற்றிவந்து முறுகவைக்கும்; குவித்துப் போட்டால் அடியில் இருப்பது வெந்து குழையும், மேலே இருப்பது கருகும். 8 லிட்டர் என்று போட்டிருக்கும் இரட்டைக்கூடை மாடல், உண்மையில் 4 லிட்டர் கூடைகள் இரண்டு; முழுக்கோழி அதில் நுழைவது கடினம். முழுக்கோழி வேண்டுமென்றால் 5, 6 லிட்டர் ஒற்றைக் கூடை வேண்டும். கூடையின் ஒட்டாத பூச்சு போய்விட்டால் கூடை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்முன்பே கேட்டுவிடுங்கள். கிடைக்காத மாடலின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், இரண்டு ஆண்டில் மொத்தக் கருவியும் குப்பைக்குப் போகும்.

சுவையைப் பற்றிய வாதத்தில் பெயர்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஃப்ரையர் என்று இருந்தாலும் அது பொரிக்காது, சுடும். பஜ்ஜி, உளுந்து வடை போன்ற ஈரமாவுப் பண்டங்கள் அதில் சரிவராது. மாவு கூடைத் துளை வழியே வடிந்துவிடும். ரொட்டித்தூள் பூசிய கட்லட்டும் ரோல்ஸும் மேலே எண்ணெய் தடவினால் நன்றாக வரும். குழம்புக்குக் கத்தரிக்காயைப் பொரித்துப் போடும் வீடுகளில், அதைத் துண்டாக்கி ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பிரட்டி 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வைத்தால் சட்டி நிறைய எண்ணெய் வேண்டியதில்லை. கேக்குக்கு 15 சென்டிமீட்டர் டின், செய்முறையில் சொன்ன சூட்டைவிட 20 டிகிரி குறைவு, மேல்பாகம் சிவந்ததும் ஒரு ஃபாயில் மூடி. காற்று அடித்துப் போகாதபடி அந்த ஃபாயிலை டின்னின் விளிம்பில் இறுக்கிவிடுங்கள். வாரந்தோறும் பெரிய கேக்கும் ரொட்டியும் செய்கிறவர்களுக்கு ஓவனே வேண்டும். உருளைக்கிழங்கு, ரொட்டி எதையும் கரும்பழுப்பு வரை விடாமல் பொன்னிறத்தில் எடுங்கள். அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடும் என்பதால் பிரிட்டன் உணவுத் தரநிலை முகமை 2017-இல் இதற்கென்றே பிரசாரம் நடத்தியது. சின்னக் கருவி என்பதால் இந்த விதி தளராது.

மேடையில் கருவி கூடும்போது பிளக்கைப் பற்றி யோசித்தே ஆகவேண்டும். பிரிட்டன் பிளக் ஒன்றின் எல்லை 13 ஆம்பியர், அதாவது 3,000 வாட் அளவு. நான்கு துளை எக்ஸ்டென்ஷன் பலகைக்கும் மொத்தமாக அதே எல்லைதான், துளைக்கு ஒன்றல்ல. ஏர் ஃப்ரையரும் மைக்ரோவேவும் சேர்ந்தாலே 2,700 வாட்டுக்கு வந்துவிடும். அதில் கெட்டிலையும் சொருகினால் பலகை சூடேறி உருகவும் கூடும். சூடாக்கும் கருவி ஒவ்வொன்றும் நேராகச் சுவர் சாக்கெட்டில்தான் போக வேண்டும். பின்பக்கம் அனல் வெளியேற ஒரு சாண் இடம் விடுங்கள். இடமில்லை என்று அடுப்பின்மேல் வைக்காதீர்கள். கைதவறி அடுப்புத் திருகு திரும்பிவிட்டால் அடிப்பாகம் எரிந்துபோகும். இவ்வளவுக்கும் இடமில்லாத சிறிய சமையலறை என்றால், ஒரு கருவியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முடிவெடுக்கும் முன் உங்கள் வீட்டின் கணக்கை நீங்களே பாருங்கள். சின்னக் கருவிகளுக்கு, பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே மாட்டும் மின்அளவி சிறிய விலைக்கே கிடைக்கும். சுவரோடு பொருத்திய ஓவனுக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது. ஸ்மார்ட் மீட்டரின் சிறு திரையில் ஓவன் போடும் முன்னும் பின்னும் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும், அந்த நேரத்தில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் எதை, எத்தனை பேருக்கு, ஓவனில் எவ்வளவு இடம் நிரப்பிச் சமைத்தீர்கள் என்று குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளில் எழுதி வாருங்கள். பெரும்பாலும் ஒரே ட்ரே, அதுவும் பாதிதான் நிரம்பியது என்றால் மாறலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஓவனைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. அது ஒருநாள் பழுதாகும்போது அதே அளவில் இன்னொன்றை வாங்காமல், அதே 60 சென்டிமீட்டர் அகலத்தில் உயரம் குறைந்த, மைக்ரோவேவும் சேர்ந்த கூட்டு ஓவனைப் பாருங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் பொருத்திய ஓவனைத் தொடாதீர்கள், அதைக் கழற்றினால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். மாதத்தில் ஒருமுறைதான் போடுவீர்கள் என்றாகிவிட்டால், சுவரில் இருக்கும் பெரிய குக்கர் ஸ்விட்சை அணைத்து வையுங்கள். கடிகாரத்துக்கென்று ஓயாமல் போகும் ஒரு வாட், இரண்டு வாட் மின்சாரம் நிற்கும். பாத்திரங்களை உள்ளே அடுக்கி வைத்திருப்பது தெரியாமல் யாராவது ஓவனைப் போட்டுவிடும் அபாயமும் இருக்காது. ஆனால் சில வீடுகளில் மேலே உள்ள மின் அடுப்புக்கும் அதே ஸ்விட்ச்தான். ஒருமுறை அணைத்து, அடுப்பு எரிகிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.